கேட்காத சொல்லை அடித்துவிடு

என் மனைவி இறந்து எட்டு மாதம் கழித்து, அவள் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இழுப்பறையில் அவளுடைய சாமான்கள் கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கலாம். நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். எனக்குக் கமாவைப் பார்க்க வேண்டியிருந்தது.

கமா ஒரு மனிதன். அது அலுவலகத்தில் வைத்த பெயர். அந்த அச்சகத்தில் தின்பண்ட உறைகளை அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு உறையின் பின்புறத்திலும், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட வேண்டும். ஒரு சொல் விட்டுப்போனால் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். அதனால் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். ஒருவர் வாடிக்கையாளர் அனுப்பிய தாளைச் சத்தமாகப் படிப்பார். கமா, அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் படிப்பார். மற்றவர், அச்சுக்குப் போகுமுன் எடுக்கும் மாதிரித் தாளான புரூஃபில் சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டே போவார். நான்கு வருடம் அவன் படித்தான், அவள் பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கமா சொன்னதால் அவன் கமா.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். "கமா இன்னிக்கி என்ன பண்ணான் தெரியுமா?" நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் அவன் குரல் அவள் காதில் விழுந்தது. என் குரல் ஒரு மணி நேரம் விழுந்திருந்தால் அதிகம். அதிலும் கடைசி இரண்டு வருடம் பாதி நேரம் சண்டை.

சண்டை சாப்பாட்டைப் பற்றியது. அவள் வீகன் ஆனாள். முதலில் கறி போனது, பிறகு முட்டை, பால், கடைசியில் தேன். நான் எதையும் விடவில்லை. வீட்டில் இரண்டு வாணலி, இரண்டு பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. பிரிட்ஜில் மேல் தட்டு அவளுக்கு, கீழ்த் தட்டு எனக்கு. அவள் பண்ணைகளின் வீடியோக்களைக் காட்டினாள். நான் பொறியாளன், லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன், எண்களைக் காட்டினேன். புரதம் எத்தனை கிராம், எந்த வைட்டமின் செடியில் இல்லை, மனிதனின் பல் எதற்காக இப்படி அமைந்திருக்கிறது. வயல் உழும்போது எத்தனை எலிகள் சாகின்றன என்றுகூடத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு வருடத்தில் எலிகளுக்காக என் அளவுக்குப் பரிந்து பேசியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

சாப்பிடும்போது நான் என் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். துணி காயும் கம்பிக்குக் கீழே ஒரு ஸ்டூல் கிடந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அவள் இறந்தது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து. பிறவியிலேயே அந்த இடம் பலவீனம், எதைச் சாப்பிட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவள் அண்ணன், என் மச்சான், அதை ஏற்கவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னார்.

"தினம் ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை சாப்பிட்டிருந்தா இன்னிக்கி இருந்திருப்பா."

அவளுடைய வீகன் குழுவிலிருந்து வந்திருந்த தோழி விடவில்லை. "முட்டை சாப்பிடறவங்க யாரும் சாகறதில்லையாண்ணா? செத்த பிறகாவது அவளை விடுங்க."

"உங்க கூட்டம்தாம்மா அவளை இலையும் தழையுமா தின்ன வெச்சது."

"நீங்க ஒரு நாளாவது அவ சமைச்சதச் சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்வேன் என்று. எனக்கு இரண்டு பக்கத்து வாதமும் மனப்பாடம். ஆனால் பசித்தது. சமையலறைக்குப் போய் நின்றுகொண்டே எதையோ சாப்பிட்டேன். எதைச் சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு நான் கறி வாங்கவில்லை. கொள்கை எல்லாம் இல்லை. யாரோடு மல்லுக்கட்டி வாங்குவது?

ஆனால் ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தேன். அவளை மாற்றியது கமாதான். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஒரு காதில் பேசுகிறவன் எதையும் செய்ய முடியும். அவன் எப்படி இருப்பான் என்று மனதில் ஒரு படம் இருந்தது. ஒல்லியாக, பருத்திச் சட்டை போட்டு, மெல்லப் பேசி, அடுத்தவரைப் பார்த்துப் பரிதாபப்படும் முகத்தோடு.

அச்சகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழையது, கதவு சீராக மூடவில்லை. வரவேற்பில் யாரும் இல்லை. உள்ளே இயந்திரங்களின் சத்தமும் மையின் வாடையும். ஒரு குண்டான ஆள் எதிரே வந்தார். முன் மண்டை வழுக்கை. சட்டைப் பையில் நான்கு பென்சில்.

"டிக்கோட வீட்டுக்காரரா?"

எனக்குப் புரியவில்லை.

"ஓ, சாரி சார். இங்க அவங்க பேரு டிக். டிக் போட்டுக்கிட்டே இருப்பாங்கல்ல, அதான். நான் கமா."

அவள் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. அவனுடைய பட்டப்பெயர் என் வீட்டில் நான்கு வருடம் புழங்கியது. அவளுடைய பட்டப்பெயர் எனக்குத் தெரியாது. வாய் திறந்து "நீங்க" என்றுதான் பேசினேன். மனதுக்குள் அவன்தான்.

அவன் அழகாக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் குரல் அப்படி ஒரு குரல். ஆழமான, அவசரமில்லாத குரல். அந்தக் குரலில் மின்கட்டண ரசீதைப் படித்தாலும் கேட்கலாம்.

அவர்கள் அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலியின் முதுகில் நீலத் துண்டு ஒன்று மடித்துப் போட்டிருந்தது. அந்தத் துண்டு எங்கள் வீட்டுத் துண்டு.

"புதுசா வந்த பொண்ணு அதுல உக்கார மாட்டேன்னுடுச்சு சார். இந்தப் பக்கம் உக்காந்துக்கும். இன்னிக்கி அது காய்ச்சல்ல லீவு."

பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு பூதக்கண்ணாடி, சிவப்புப் பேனாக்கள், கைக்குப் போடும் கிரீம், ஒரு கரண்டி. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு மேற்பார்வையாளர் வந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். கையில் ஒரு புரூஃப்.

"கமா, ஓட்ஸ் பிஸ்கட். நாலு மணிக்கு அச்சு பிளேட்டுக்குப் போகணும். கஸ்டமர் உயிரை எடுக்கறான்."

"பாக்கறதுக்கு ஆள் இல்லையே மேடம்."

"எனக்குத் தெரியாது. ரெண்டு கண்ணு வேணும். என் கண்ணு ரெண்டும் அந்தச் சாக்லேட் ஆர்டர்ல இருக்கு." என்னைப் பார்த்தார். என்னை யாரென்று கமா சொன்னான். இரண்டு வார்த்தை துக்கம் விசாரித்தார். பிறகு, "சார் படிச்சவர்தானே?" என்றார்.

"மேடம், அவர் வந்திருக்கறது..."

"பத்து நிமிஷம்தான் சார். கையெழுத்து நான் போட்டுக்கறேன். கண்ணை மட்டும் குடுங்க."

நான் சரி என்றேன். கமா ஆச்சரியமாகப் பார்த்தான். எனக்கு உதவி செய்யும் எண்ணம் எதுவும் இல்லை. அவள் தினமும் கேட்ட குரலை நானும் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கமாவின் முகம் ஒரு கணம் மாறியது.

"ரொம்ப சுலபம் சார். நான் படிக்கறது அங்க இல்லேன்னா எழுதிடுங்க. அங்க இருக்கறது நான் படிக்கலேன்னா அடிச்சிடுங்க. பழைய உறையைத்தான் திருத்திப் புதுசு பண்றாங்க, பழைய சாமான் பேரெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். கேக்காத சொல்லை அடிச்சிடணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சா தப்பு வரும்."

அவன் தாளைத் தூக்கிப் பிடித்தான். வலது கையில் பென்சில்.

"சேர்மானங்கள், முக்காற்புள்ளி. ஓட்ஸ், அடைப்புக்குறி, நாற்பத்திரண்டு சதவீதம், அடைப்புக்குறி முடிஞ்சது, கமா. கோதுமை மாவு, கமா. சர்க்கரை, கமா. தாவர எண்ணெய், கமா."

இடையில் எங்கோ பென்சிலின் பின்முனையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு "கமா. உப்பு, கமா" என்று போனான்.

ஐந்து மணி நேரம் இதையா கேட்டாள்? கேட்டிருப்பாள். எனக்கே நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. உலகத்தில் உள்ள பொருள்களையெல்லாம் ஒருவன் வரிசையாக, நிதானமாக, நமக்காக மட்டும் சொல்லிக்கொண்டே போகிறான். நான் எப்போதாவது அவளுக்கு எதையாவது படித்துக் காட்டியிருக்கிறேனா? கட்டுரைகளைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவள் சொல்வது தப்பு என்று நிரூபிக்கும் கட்டுரைகள்.

புரூஃபில் "தாவர எண்ணெய்" என்பதற்குப் பிறகு "பால்பொடி" என்று இருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. அடித்தேன். கீழே ஒவ்வாமை எச்சரிக்கைக் கட்டத்தில் "கோதுமை, பால் உள்ளது" என்று இருந்தது. "கோதுமை" என்று படித்தான், மறுபடி ஒரு தட்டு, "உள்ளது" என்றான். அங்கேயும் பாலை அடித்தேன். ஓரிடத்தில் கமா விட்டுப்போயிருந்தது, அதைப் போட்டேன். மூன்று பிழை பிடித்ததில் ஒரு சின்னக் கர்வம்கூட வந்தது. நான்கு வருட ஜோடி வேலையை நான் பத்து நிமிடத்தில் செய்துவிட்டேன்.

மேடம் வந்து புரூஃபைப் பிடுங்கிக்கொண்டு, நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கமா என் பக்கத்துத் தாளைப் பார்க்கவே இல்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார்," என்றான். "மணியாச்சு."

அதே மேசையில் ஒரு பழைய தாளை விரித்தான். டப்பாவைத் திறந்தான். கோழிக் கறி. தொடைத் துண்டு இரண்டு, எலும்போடு.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், நீங்களும் விட்டுட்டீங்களா? மூடி வெச்சுடவா?"

"நீங்க சாப்பிடுவீங்களா?"

"நானா? இந்த உடம்பு கீரையில வந்ததுன்னு நினைச்சீங்களா?" சிரித்தான்.

"அவ இருக்கும்போதும்?"

"தினமும்தான்."

"அவ எங்க உக்காருவா?"

"இங்கதான். நீங்க உக்காந்திருக்கற இடத்துல."

"எழுந்து போக மாட்டாளா?"

"எதுக்குப் போகணும்? மூஞ்சியச் சுளிப்பாங்க. திட்டுவாங்க. 'டப்பாவுல ஒரு கால் கிடக்கே, அது யாரோட கால்'னு கேப்பாங்க. 'என் கால் இல்லம்மா, நான் ரெண்டுலயும் நடந்துதான் வந்தேன்'னு சொல்லுவேன். சிரிச்சுடுவா." நிறுத்தினான். "சிரிச்சுடுவாங்க."

ஒரே ஒரு தடவைதான் அந்த "சிரிச்சுடுவா". அது போதுமாக இருந்தது.

அவள் என்னைப் பால்கனிக்குப் போ என்று சொன்னதே இல்லை. இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும்போது அது தெளிவாக நினைவு வந்தது. முதல் நாள் நானேதான் கோபத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் அவள் கூப்பிடட்டும் என்று போனேன். மூன்றாம் நாள் அது என் இடம் ஆகிவிட்டது. அவள் மேசையில் தனியாகச் சாப்பிட்டாள். மத்தியானம் இவனோடு சாப்பிட்டாள், இவன் டப்பாவில் கிடந்த காலைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அதே கறியைத்தான் தின்றேன். என்னிடம் ஒரு நாளும் யாரோட கால் என்று கேட்டதில்லை.

"நீங்கதான் அவளை மாத்தினீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றேன்.

"நல்லா இருக்கு போங்க. என்னை மாத்த அவங்க படாத பாடு பட்டாங்க. 'இந்த உலகத்துல எல்லாத்துலயும் மாடும் கோழியும் இருக்கு, எப்படித் தப்பிப்பீங்க'ன்னு ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன். 'எத்தனைல இருக்குன்னு எண்ணிடலாம்'னாங்க. பாலுக்கு ஒரு தட்டு. முட்டைக்கு ரெண்டு. ஜெலட்டினுக்கு மூணு. தேனுக்கு நகத்தால ஒரு கீறல். சாயந்தரம் மொத்தம் எத்தனைன்னு ரெண்டு பேரும் சொல்லணும், தப்பாச் சொன்னவங்க டீ வாங்கணும். அப்புறம் பழகிடுச்சு. அந்தச் சொல்லையே படிக்க மாட்டேன், தட்டு மட்டும்தான். அவங்க டிக் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. ரூல்ஸ் படி தப்பு. மேடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

கடைசியாகச் சொன்னதை அவன் சாதாரணமாகச் சொன்னான், எலும்பைக் கடித்துக்கொண்டே.

கடைகளில் அவள் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்ப்பாள். நான் தள்ளுவண்டியோடு பின்னால் நிற்பேன், எரிச்சலோடு. சில பாக்கெட்டுகளை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்ப வைப்பாள். தனக்குள் சிரித்துக்கொள்வாள். "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். எனக்கு முன்னால் நின்றுகொண்டு, இவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகுதான் மற்றது உறைத்தது. நான் இரண்டு தட்டைக் கேட்டேன். இரண்டு சொல்லை அடித்தேன்.

பிஸ்கட்டில் பால்பொடி இருக்கிறது. உறையில் இருக்காது.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். மணி ஒன்று. பிளேட் நாலு மணிக்கு. மேடத்திடம் போனால் இரண்டு நிமிட வேலை.

அப்போது அவன் சொன்னான், "உங்களுக்கும் இங்க ஒரு பேரு உண்டு சார். கோவிச்சுக்க மாட்டீங்களே? எங்க ரெண்டு பேருக்குள்ளதான். வெண்ணெய்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெண்ணெய் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்தேன், அவளுக்கும் சேர்த்து. உருளைக்கிழங்கு வறுவல். அவளுக்குத் தெரியாமல் அதில் வெண்ணெய் போட்டேன். "ரொம்ப நல்லா இருக்கே, என்ன போட்டே?" என்றாள். இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். தட்டு காலியான பிறகு சொன்னேன். "பாத்தியா, உன் நாக்குக்கே வித்தியாசம் தெரியல" என்றேன். ஒரு வாதத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது. அவள் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் காலையில், "டீ போடவா?" என்றாள். அதோடு முடிந்தது. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"உங்ககிட்ட சொன்னாளா?"

"மறுநாள் நான் தட்டினதுக்கு டிக் போடல சார். பேனாவக் கீழ வெச்சுட்டு அழுதாங்க. 'பாலோ வெண்ணெயோ அது கிடக்கட்டும், அவன் கையால குடுத்தா நான் பாக்காம சாப்பிடுவேன்ல, அதை வெச்சு விளையாடிட்டான்'னாங்க. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, வீட்டை விட்டுப் போயிடலாமான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"வெண்ணெய்க்காகவா? சும்மா இருங்க, போய் ஒரு டீயப் போட்டுக் குடுத்துப் பேசுங்கன்னேன். எனக்கும் வீட்டுல நடக்காததா? அதுலேருந்து உங்க பேரு வெண்ணெய். அப்புறம் அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க. வெண்ணெய் இன்னிக்கி நல்ல மூடுல இருக்கு, வெண்ணெய்க்குச் சளி பிடிச்சிருக்கு..."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தான்.

என்னை அவள் மன்னித்தாள் என்று நினைத்திருந்தேன். அவளே யோசித்து, அவளே மனம் இறங்கி. அந்த டீயை நான் பல தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியிலும்கூட. அந்த டீ இவன் போடச் சொன்னது.

எழுந்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டேன். "வரேன்" என்றேன். அவன் லிஃப்ட் வரைக்கும் வந்தான்.

"அடிக்கடி வாங்க சார். பேசிட்டிருக்கலாம்."

கதவு மூன்றாவது தடவைதான் மூடியது.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும்.

எட்டு மாதமாக எல்லோரும் கேட்கிறார்கள், எப்படி இருக்கிறாய் என்று. இருக்கேன் என்பேன். அது உண்மை, இருந்தேன், அவ்வளவுதான். பல்மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படி. இப்போது அங்கே ஏதோ ஒன்று இருந்தது. சூடாக இருந்தது. அது பொறாமை என்று தெரிந்தும் எனக்கு அதை விட மனமில்லை.

நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அதுதான் அதில் இருந்த சௌகரியம். சும்மா பஸ் ஏறினால் போதும். நாளைக்குக் காலையில் உறைகள் அச்சாகும். ஒரு வாரத்தில் யாராவது கண்டுபிடிப்பார்கள். வாடிக்கையாளர் தாளில் பால்பொடி இருக்கும், படித்தவன் கமா என்று இருக்கும், கீழே மேடத்தின் கையெழுத்து இருக்கும். என் பெயர் எங்கேயும் இல்லை. அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்தக் குரலில் என்ன சொல்வான்? தட்டினேன் என்று சொல்வானா? பென்சில்களைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்குவதை நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இரண்டு மூன்று தடவை நினைத்துப் பார்த்தேன்.

நாலாவது தடவை நினைக்கும்போது அவன் வரவில்லை. அவள் வந்தாள். கடையில் நின்று ஓட்ஸ் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்புகிறாள். ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறாள், உதடு அசைய. தட்ட வேண்டிய சொல் இல்லை. எச்சரிக்கைக் கட்டத்தையும் பார்க்கிறாள். அங்கேயும் இல்லை. வண்டியில் போடுகிறாள், "பாத்தியா, இது நான் சாப்பிடலாம்" என்கிறாள். அந்த முகம் எனக்குத் தெரியும். "ரொம்ப நல்லா இருக்கே, என்ன போட்டே?" என்று கேட்ட முகம்.

கறி தின்னலாமா கூடாதா என்பதில் எனக்கு இன்றைக்கும் முடிவில்லை. இரண்டு வருடம் கத்தித் தீராதது ஒரு பஸ் நிறுத்தத்தில் தீராது. மச்சானும் அந்தத் தோழியும் இன்னும் போனில் அடித்துக்கொள்வதாகக் கேள்வி. ஆனால் அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, கையால் கொடுப்பதைப் பார்க்காமல் சாப்பிடுகிறவளின் தட்டில் எதையும் ஒளித்து வைக்க முடியாது. நான் வைத்தேன். ஒரு தட்டில் வைத்ததற்கே ஒன்பது நாள். இப்போது லட்சம் உறையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.

மணி மூன்று இருபது. லிஃப்டை நம்பவில்லை, படியேறினேன்.

மேடம், பிளேட் அனுப்பும் ஆளின் கணினிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஓட்ஸ் பிஸ்கட். அதுல ரெண்டு சொல்லைத் தப்பா அடிச்சிட்டேன்."

அவர் புரூஃபை இழுத்துப் பார்த்தார். வாடிக்கையாளர் தாளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பால்பொடி! எச்சரிக்கைலயுமா? எப்படி சார் அடிச்சீங்க? கமா!"

கமா அறையிலிருந்து வந்தான். புரூஃபைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் அவன் மனதுக்குள் கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

"நீ இதைப் படிச்சியா இல்லையா?" என்றார் மேடம்.

"மேடம், அது வந்து, நான் என்ன பண்ணேன்னா..."

"படிச்சார்," என்றேன். "ரெண்டு இடத்துலயும் தெளிவாப் படிச்சார். எனக்குத்தான் கவனம் வேற எங்கயோ போயிடுச்சு."

அவனைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. அவன் உண்மையைச் சொன்னால் தட்டல் வெளியே வந்துவிடும். மேடத்துக்குத் தெரியும், கணினியில் இருப்பவருக்குத் தெரியும், சாயந்தரத்துக்குள் இயந்திர அறை முழுக்கத் தெரியும். காய்ச்சலில் கிடக்கும் அந்தப் பெண்கூட நாளைக்கு வந்து மேசையைத் தட்டிப் பார்த்துச் சிரிக்கும். அந்தத் தட்டல் என் மனைவியுடையது. ஒரு ஆளோடு பங்கு போடுவதையே என்னால் பொறுக்க முடியவில்லை.

மேடம் என்னைப் பிடி பிடி என்று பிடித்தார். துக்கத்தில் இருப்பவன் என்றுகூடப் பார்க்கவில்லை. "இவ்வளவு படிச்சவர், ஒரு சொல்லைப் பாக்கத் தெரியலையே! ஒரு குழந்தை தின்னிருந்தா என்ன ஆகறது?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு, முதலிலிருந்து ஒரு தடவை படிக்கச் சொன்னார். இந்த முறை பக்கத்திலேயே நின்றார்.

நான் மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கமா தாளைத் தூக்கினான். பென்சிலைக் கையில் எடுக்கவில்லை.

"தாவர எண்ணெய், கமா. பால்பொடி..." நின்றான். மறுபடி, "பால்பொடி, கமா" என்றான். கண்ணில் நீர் கட்டியிருந்தது. அவள் இறந்ததற்கு நான் இன்னும் அழவில்லை. அதிலும் அவன் முந்திக்கொண்டான்.

முடித்தோம். மேடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அறையில் நாங்கள் இருவர்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றான் மெதுவாக.

"இனிமே யாருக்கும் தட்டாதீங்க."

"சரி சார்."

"அந்தப் புதுப் பொண்ணுக்கும்."

"அதுக்குத் தட்டினதே இல்ல சார்."

"எனக்கும்."

"உங்களுக்கு எங்க சார் தட்டினேன்?" என்றான். "அந்த நாற்காலிக்குல்ல தட்டினேன்."

நான் எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினேன்.

"அதுக்கும் வேணாம்," என்றேன்.